கிளம்பாத கொழுந்தனும் கம்பியில்லாத் தெர்மோஸ்டாட்டும்

முகத்துக்கு நேரே யாரையும் ஒரு சொல் கடிந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், க்ளெண்டாவா, தங்கமான பொம்பளை என்றுதான் சொல்வார்கள். அதனால் அந்தக் குல்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. அதைக் கீழே வையுங்கள் பெவர்லி. உட்காருங்கள். அடுத்தவர் வீட்டு டீக் கூஜாவின் மேல் போர்த்திய குல்லாவைத் தானே தூக்கி டீ ஊற்றிக்கொள்கிற ஆளை நான் ஹாலிபாக்ஸில் இதுவரை பார்த்ததில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே ஊற்றித் தந்திருப்பேன். டீ இருப்பது அந்தச் சின்னக் கூஜாவில்.

ஆமாம், இதற்குள் இருப்பது தெர்மோஸ்டாட்தான். அதற்கடியில் இருப்பது வெந்நீர்ப் பை. நான்தான் வைத்தேன். நீங்கள் ஹீட்டிங் ரிப்பேர் செய்ய எத்தனை முறை இந்த வீட்டுப் படி ஏறினீர்களோ அத்தனை முறையும் அது இங்கேதான் இருந்தது. மெதுவாகப் பேசுவோம். நெவில் பின்கட்டில் பாய்லர் முன்னால் டார்ச் விளக்கோடு நிற்கிறார். அவர் தம்பி டெஸ்மண்ட் மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். "பெவர்லி இன்னிக்கு விடமாட்டாங்க" என்று அவனுக்கு உங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. சரியாகிவிட்டது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் மதியம் பஸ்ஸில் ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போய்விடுவான். அதற்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பழியையும் என் தலையில் கட்டக் கூடாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் இந்தப் பெட்டி அடித்த கூத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எங்கள் நடைச் சுவரில் வட்டமாக ஒரு திருகு இருந்தது, கம்பி வைத்தது. திருகினால் வீடு சுடும், திருப்பித் திருகினால் நிற்கும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது எங்களை ஒரு நாள் ஏமாற்றியதில்லை. நெவிலுக்கு அது பொறுக்கவில்லை. பஸ் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற சாமான் எதெது என்று தேடித் தேடி மாற்ற ஆரம்பித்தார்.

"கம்பியே கிடையாது கண்ணு. கையில எடுத்துக்கிட்டு எங்க வேணாலும் போகலாம். நாம இருக்கற ரூமோட சூட்டப் பாத்து அதுவே பாய்லருக்குச் சொல்லிடும்" என்றார்.

"சொல்லலன்னா?"

"சொல்லாம எப்படி இருக்கும்?"

சொல்லாமல்தான் இருந்தது. மழை பெய்தால் சொல்லாது. மைக்ரோவேவ் ஓடினால் சொல்லாது. ஜனவரி பூராவும் வாயைத் திறக்காமல் கிடந்துவிட்டு, ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாய்லரை முழு மூச்சில் கிளப்பிவிட்டது. அன்றைக்கென்று பாதிரியாரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். பாவம் மனிதர், கழுத்துப்பட்டை நனைய நனைய வியர்த்துக்கொண்டு, "ரொம்ப இதமா இருக்கு" என்று சொல்லியபடியே வறுத்த மாட்டிறைச்சியை மென்றார். கோட்டைக் கழற்றட்டுமா என்று அவர் கேட்கவில்லை. கழற்றுங்கள் என்று நாங்களும் சொல்லவில்லை. சொன்னால் வீடு சுடுகிறது என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

உங்கள் கம்பெனி புதுசாக ஒன்று அனுப்பியது. பழையதைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அறுந்த நூலைக்கூடத் தூக்கிப் போடுவதில்லை. சமையலறை இழுப்பறையில் நூலோடு நூலாக அதுவும் கிடந்தது.

டெஸ்மண்ட் நவம்பரில் வந்தான். கல்யாணம் செய்துகொள்ளாதவன், ஹடர்ஸ்ஃபீல்டில் தனியாக வீடு. அவன் வீட்டுப் பாய்லர் ஒழுகுகிறது, சரிசெய்ய ஒரு வாரம் ஆகும் என்று போன் செய்தான். கொழுந்தன் குளிரில் விறைத்துக்கொண்டிருக்கும்போது வராதே என்று சொல்ல நான் என்ன அரக்கியா. வா என்றேன். சொன்னபடி ஒரு வாரத்தில் அவன் பாய்லர் சரியாகிவிட்டது. அவன் போகவில்லை.

அவன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். குடிக்கமாட்டான், தின்ற தட்டைக் கழுவி வைப்பான். ஆனால் ஈர ஸ்பூனைச் சர்க்கரை டப்பாவுக்குள் விடுவான். என் நாற்காலியில்தான் உட்காருவான். டிவியில் வானிலை அறிக்கை வாசிக்கும்போது கூடவே ஏதோ பாட்டை முனகுவான், நாளைக்கு மழையா வெயிலா என்று எனக்குத் தெரியாமலே போய்விடும். நான் லைப்ரரியிலிருந்து துப்பறியும் நாவல் எடுத்து வந்தால், நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, "தோட்டக்காரன்தான் அண்ணி, நான் அப்பவே நினைச்சேன்" என்பான். தோட்டக்காரன், பல் டாக்டர், இரண்டு விதவைகள். அந்த மாதம் எனக்கென்று ஒரு கொலைகாரனைக்கூட அவன் மிச்சம் வைக்கவில்லை.

போ என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் சொல்வீர்களா? உங்கள் அம்மா சொல்வார்களா? விருந்தாளியைக் கிளப்ப நம் ஊரில் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. இரண்டு கையாலும் முழங்காலைத் தட்டி, "சரி, அப்புறம்" என்று எழுந்து நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் அது சண்டை. நான் தினமும் தட்டினேன். முழங்கால் கன்றிப்போய்விட்டது. நான் தட்டினால் டெஸ்மண்டும் பதிலுக்குத் தன் முழங்காலைத் தட்டி, "சரி அண்ணி, இந்தத் தடவை டீ நான் போடறேன்" என்று எழுந்து போவான்.

"உன் தோட்டம் என்ன ஆச்சோ, ஏதாச்சோ" என்று அடி போட்டுப் பார்த்தேன்.

"அது நல்லா இருக்கு அண்ணி. பக்கத்து வீட்டுக்காரர் பாத்துக்கறார்."

கடைசியில் நெவிலைப் பிடித்தேன். உங்கள் தம்பி, நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இன்றைக்கு உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்கிற முகத்தோடு முன்னறைக்குள் போனார். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"டெஸ்மண்ட், உனக்கு ஒண்ணும் அவசரமில்லையே?"

"ஒண்ணுமில்லண்ணே."

நெவில் வெளியே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நறுக்குனு கேட்டுட்டேன்" என்றார்.

இதற்கு மேல் ஒரு பெண் என்ன செய்ய முடியும் என்று நீங்களே சொல்லுங்கள். நூல் தேடித்தான் இழுப்பறையைத் திறந்தேன். பழைய பெட்டி கண்ணில் பட்டது. பாட்டரி போட்டதும் பளிச்சென்று விழித்துக்கொண்டது. புதுசுக்கும் அதற்கும் உருவத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை, பெற்ற தாயே குழம்பிப் போவாள். பழையதை முன்னறைக் கணப்பு மாடத்தின் மேல் வைத்தேன். புதுசை இங்கே கொண்டுவந்து, வெந்நீர்ப் பையின் மேல் உட்கார வைத்து, இந்தக் குல்லாவைப் போட்டு மூடினேன். பார்க்கிறவர்களுக்குப் பெரிய டீக் கூஜா. நெவிலின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து நானே பின்னிய குல்லா, நல்ல கனமாக இருக்கும்.

பாய்லரோடு பேசுவது குல்லாவுக்குள் இருக்கிற பெட்டி. அதற்கு நல்ல கதகதப்பு. வீடே வெயிலில் காய்கிறது என்று நினைத்துக்கொண்டு, போதும் நிறுத்து என்று பாய்லரை அணைத்துவிடும். மாடத்தில் இருக்கிற பெட்டி குளிர்கிறது குளிர்கிறது என்று சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும், அதன் பேச்சைக் கேட்க ஆள் கிடையாது. பார்க்கிறவர்களுக்குப் பழையபடி சிக்னல் போய்விட்டது என்றுதான் தோன்றும். ஏற்கெனவே கெட்ட பேர் எடுத்த பெட்டி என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு வாரம் குளிர்ந்தால் டெஸ்மண்ட் தன் வீட்டுக்குப் போய்விடுவான், நானும் பெட்டியை எடுத்து இருந்த இடத்தில் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒருத்தர் மனமும் நோகாமல் காரியம் முடிந்துவிடும்.

டெஸ்மண்ட் போகவில்லை. இரண்டாவது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டான்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை, அவனும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமே பனி படிந்தது. டெஸ்மண்ட் கம்பளித் தொப்பியோடு குளித்தான். அவன் கால்விரல்கள் சிவந்து வீங்கி, செருப்புக்குள் போகமாட்டேன் என்றன. களிம்பு நான்தான் வாங்கிக் கொடுத்தேன், இல்லையென்று அவன் சொல்லமாட்டான். தொட்டியில் இருந்த இரண்டு மீன்களும் அடியில் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. தொட்டிக்கு ஒரு துண்டைப் போர்த்திவிட்டேன். எனக்கு மட்டும் குளிரவில்லையா என்ன? கையுறை போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தேன்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். உங்களைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த முதல் ரிப்பேர்க்காரர் நீங்கள்தான். நீங்கள் மாடத்துப் பெட்டியில் ஏதோ பொத்தானை அழுத்தி அதைப் பாய்லரோடு பேச வைப்பீர்கள். குப்பென்று பாய்லர் பிடித்துக்கொள்ளும். நெவில் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்குவார். உங்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் நான் இரண்டு பெட்டியையும் இடம் மாற்றிவிடுவேன். எது பேசுகிறதோ அது குல்லாவுக்குள், எது பேசவில்லையோ அது மாடத்தில். அடுத்த வாரம் மறுபடி வருவீர்கள். பாட்டரியை மாற்றினீர்கள். பாய்லர் பக்கத்தில் சுவரில் இருக்கிற டப்பாவை மாற்றினீர்கள். பரணில் ஏறி எல்லா ஒயரையும் தடவித் தடவிப் பார்த்தீர்கள், தலையெல்லாம் ஒட்டடை.

இத்தனை வருஷ அனுபவம் உள்ள உங்களை உங்கள் ஆபீசில் மறுபடியும் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள் என்று நெவில் சொன்னபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதற்காகத்தான் அந்த இஞ்சி கேக். டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம் என்றுகூடச் சொன்னேன். பிறகு ஒரு நாள் நீங்கள் வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். திரை ஓரமாகப் பார்த்தேன். ஜலதோஷம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் மற்ற அறைகளில் உட்கார முடியவில்லை. அதனால் மூன்று பேரும் இந்தச் சமையலறைக்கே குடிவந்துவிட்டோம். அடுப்போடு இருக்கிற ஓவனைப் பற்ற வைத்து அதன் கதவைத் திறந்து வைப்போம். மூன்று நாற்காலியை அதன் முன்னால் போட்டு, ஒரே ரஜாயை மூன்று பேர் மடியிலும் விரித்துக்கொண்டு டாமினோ ஆடுவோம். நெவில் ஓய்வு பெற்றதிலிருந்து என்னோடு பேசியது உப்பு எங்கே, சாவி எங்கே என்கிற அளவில்தான். இங்கே உட்கார்ந்ததும் அண்ணனும் தம்பியும் சின்ன வயதில் கரி வண்டியிலிருந்து கரி திருடிய கதை, அப்பாவின் பல்செட்டை நாய்க்கு மாட்டிப் பார்த்த கதை என்று ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் கல்யாணத்தன்று நெவில் மோதிரத்தைப் பஸ்ஸில் விட்டுவிட்டு, அந்தப் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு டெஸ்மண்ட் ஓடிய கதையை இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் நான் கேள்விப்பட்டேன். நெவிலுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. டெஸ்மண்ட் காய்களை ஒளித்து வைத்து ஆடுவான், நான் பிடித்துவிடுவேன். "அண்ணிகிட்ட மட்டும் எதுவும் நடக்காதுப்பா" என்பான். இதையெல்லாம் சும்மா சொல்கிறேன். விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு நாள் நெவில் பாய்லரைப் பார்க்கப் போயிருந்தபோது, எனக்கே பொறுக்கமுடியாமல் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். இதைவிட வெளிப்படையாக நான் யாரிடமும் பேசியதில்லை.

"உன் வீடு இப்ப நல்லா சூடா இருக்குமே டெஸ்மண்ட்."

"இருக்கும் அண்ணி. ரெண்டாவது வாரமே கிளம்பணும்னுதான் பெட்டியெல்லாம் கட்டி வெச்சேன். அன்னிக்குன்னு பாத்து உங்க ஹீட்டிங் போயிடுச்சு."

"அதனால?"

"அதனாலயா? சூடு இருந்த வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருந்தான், குளிர் வந்ததும் கம்பி நீட்டிட்டான்னு ஆயிடாதா? உங்க ரெண்டு பேரையும் இந்த நெலமையில விட்டுட்டுப் போனா நான் மனுஷனா? இது சரியாகட்டும் அண்ணி. சரியான மறுநாளே நான் போயிடறேன். அதுவும் நீங்க மூட்டு வலியில முழங்காலத் தட்டித் தட்டிப் படற பாட்ட நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

நான் காயை நகர்த்தினேன். அவனைத் துரத்த நான் செய்த வேலைதான் அவனைக் கட்டிப் போட்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கடைக்குப் போன நேரம் பார்த்து, குல்லாவிலிருந்து பெட்டியை எடுத்து மாடத்தில் வைத்தேன். பாய்லர் பிடித்துக்கொண்டது. குழாய்கள் எல்லாம் டக் டக்கென்று சத்தம் போட்டன. ஒரு மணி நேரத்தில் வீடு கதகதவென்று ஆகிவிட்டது.

நெவில் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாடிக்குப் போய், தன் பொம்மை ரயில்களோடு கதவைச் சாத்திக்கொண்டார். டெஸ்மண்ட் ரஜாயை மடித்து அலமாரியில் வைத்தான். "நாளைக்குக் காலைல கிளம்பிடறேன் அண்ணி, ரொம்ப நாள் தொந்தரவு கொடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனான். நான் நினைத்தது அத்தனையும் நடந்துவிட்டது. என் நாற்காலி எனக்குக் கிடைத்தது. சர்க்கரை டப்பாவில் ஈரமில்லை. வானிலை அறிக்கையை ஒரு எழுத்து விடாமல் கேட்டேன், நாளைக்கு மழையாம். புது நாவலைப் பிரித்துக் கடைசிவரைக்கும் நானே படித்தேன். கொன்றது கப்பல் கேப்டன். யாரிடமாவது சொல்லலாம் என்று நிமிர்ந்து பார்த்தேன். மாடியில் ரயில் ஓடுகிற சத்தம் கேட்டது.

எழுந்து டீ போடலாம் என்று இங்கே வந்தேன். பழக்க தோஷம், மூன்று கோப்பையை எடுத்து வைத்துவிட்டேன். வீட்டில் அவ்வளவு சூடு இருந்தது, டீ குடிக்கவே பிடிக்கவில்லை. அத்தனை சூடு உடம்புக்கு நல்லதில்லை. குல்லாவுக்குள் ஒன்றும் இல்லாததால் அது ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்துகொண்டே இருந்தது. நிமிர்த்தி வைத்தால் மறுபடி விழுந்தது. பார்க்க நன்றாகவே இல்லை. உள்ளே ஏதாவது வைத்தால் நிற்கும் என்று பட்டது. வைத்தேன்.

காலையில் ஜன்னலில் பனி. கட்டிவைத்த துணிப்பெட்டியை டெஸ்மண்ட் பிரித்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததில் நெவிலுக்கும் பங்கு உண்டு. சிக்னலை எது மறிக்கிறது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அவர் கிளம்பிவிட்டார். அவர் அம்மா காலத்து நிலைக்கண்ணாடியைத் தூக்கித் தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்தார். பிரிட்ஜை நடையில் கொண்டுபோய் வைத்தார், பக்கவாட்டில் நகர்ந்துதான் யாரும் வீட்டுக்குள் வர முடிந்தது. என் காது மெஷினைக் கழற்றச் சொன்னார். அப்புறம் பின்ஜன்னல் வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்து வீட்டு சக்டனின் புறாக்கூட்டில் நிறையக் கம்பிவலை இருக்கிறது என்றார்.

சக்டன் பந்தயப் புறா வளர்க்கிறவர். மனைவி போன பிறகு அவருக்கு அவைதான் எல்லாம், ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. நெவில் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "உங்க புறாக்கூடு நல்லாத்தான் பெரிசா இருக்கு" என்றார்.

சக்டன் கூட்டைத் திரும்பிப் பார்த்தார். "இடைஞ்சலா இருக்கோ?"

"சேச்சே. அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல."

நம் ஊர் ஆளுக்கு இது போதாதா? வாரக் கடைசியில் சக்டன் சுத்தியலை எடுத்துக்கொண்டுவந்து கூட்டைப் பலகை பலகையாகப் பிரித்துவிட்டார். நெவில் ஆணி பிடுங்க உதவி செய்தார். புறாக்களைச் சக்டன் பார்ன்ஸ்லியில் இருக்கிற தன் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டார். பந்தயப் புறாவுக்கு வேறென்ன தெரியும், எங்கே விட்டாலும் வீட்டுக்கு வரத்தானே தெரியும். அத்தனையும் திரும்பி வந்தன. கூட்டைக் காணவில்லை. எங்கள் கூரை மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டன, பாய்லர் புகைபோக்கிப் பக்கத்தில் சூடு இருக்கும் என்று நினைத்திருக்கும் போல. பாவம், அங்கேயும் இல்லை. தினம் காலையில் சக்டன் வீட்டுச் செருப்போடு முற்றத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். நான் எலுமிச்சை கேக் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். அதனால் மனஸ்தாபம் எதுவும் இல்லை.

அந்தக் கூட்டைத் திரும்பக் கட்ட வேண்டும், அது நியாயம். நெவிலுக்கு ஆணியைப் பிடுங்கத்தான் தெரியும், அடிக்கத் தெரியாது. டெஸ்மண்ட் தச்சு வேலையில் கெட்டிக்காரன். அவன் போய்விட்டால் அந்த வேலையை யார் பார்ப்பது? ஒரு வயசானவருடைய புறாக்கள் விஷயம், நீங்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆக, செய்தது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. முதலில் செய்தது அவன் போக வேண்டும் என்பதற்காக. பிறகு செய்தது குல்லா சரியாமல் நிற்பதற்காக. உங்கள் பயிற்சி வகுப்பு, டெஸ்மண்டின் கால்விரல், நெவிலின் அம்மா கண்ணாடி, மீன், புறா எல்லாம் என் கணக்கில்தான் வரும் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. இருக்கலாம்.

என்ன கேட்கிறீர்கள்? இரு என்று அவனிடமே சொல்லிவிட்டால் என்னவா?

நீங்கள் இந்த ஊர்க்காரர்தானே பெவர்லி? வளர்ந்த ஒரு ஆளை முகத்துக்கு நேரே பார்த்து, இங்கேயே இரு, நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை என்று ஒருத்தி எப்படிச் சொல்வாள்? அவன் என்ன நினைப்பான்? வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல், பிடிக்காமலே இருந்துவிட்டால்? இல்லை, சரி என்று சொல்லிவிட்டு எழுந்து முழங்காலைத் தட்டினால்? சொல்லிவிட்டு அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. பாய்லர் கெட்டுப்போனால் யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

இன்றைக்கும் சரியாகவில்லை என்றால் பழைய கம்பித் திருகையே சுவரில் மாட்டிவிடப் போகிறேன் என்று நெவில் காலையில் சொன்னார். அதை நீங்கள்தான் தடுக்க வேண்டும். உங்கள் வாயால் சொன்னால் அவர் கேட்பார். உள்ளே ஏதோ ஒரு சாமான் போய்விட்டது, அது ஜெர்மனியிலிருந்து வர வேண்டும், ஈஸ்டர் கழித்துத்தான் கிடைக்கும், அதுவரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது என்று சொல்லுங்கள். உங்கள் ஆபீசுக்கு நானே போன் செய்து, பெவர்லி மேல் ஒரு குறையும் இல்லை, எங்கள் வீட்டுச் சுவர்தான் ரொம்பத் தடிமன் என்று சொல்லிவிடுகிறேன்.

படியில் சத்தம் கேட்கிறதா, அவன்தான் இறங்கி வருகிறான். அவ்வளவு பெரிய பெட்டியை ஒரே விரலில் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறான், பாருங்கள். அதில் ஒரு துணிகூட இல்லையோ என்று உங்களுக்குத் தோன்றும். அப்படியெல்லாம் இருக்காது. மாடியில் அலமாரிக் கதவு திறந்தே கிடக்கிறது, காலையில் பார்த்தேன், சட்டையெல்லாம் ஆணியிலேயே தொங்குகிறது, மறதிக்காரன், அவ்வளவுதான்.

குல்லாவை இப்படிக் கொடுங்கள். வெந்நீர் ஆறியிருக்கும், மாற்றி வைத்துவிடுகிறேன். எனக்காகக் கேட்கிறேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள் பெவர்லி. அவன் போனால் எனக்கு நிம்மதிதான்.